பழைய வீட்டுக்குள் ஓர் அக்சஸ் பாயிண்ட்: வண்ணார்பேட்டைக் கடையொன்றின் பொருத்துதல் சேவை

திருநெல்வேலியில் வீட்டுக்குள் அக்சஸ் பாயிண்ட், அதாவது மோடத்தின் இணைப்பை வாங்கி வைஃபை அலையாகப் பரப்பும் கருவி, பொருத்தித் தரும் கடைகளுக்கு இப்போது குறைவில்லை. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை என்று எல்லா இடங்களிலும் சிசிடிவி கேமரா மாட்டித் தருபவர்களே இந்த வேலையையும் சேர்த்து எடுத்துச் செய்கிறார்கள். டவுனில் ரத வீதியை ஒட்டிய தெருவொன்றில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு, வண்ணார்பேட்டையில் உள்ள அப்படியொரு கடையை அழைத்து வேலையை முடித்தோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறையோடு சில குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவையும் அல்ல.

வேகம் கூடியதா என்று கேட்டால், கூடியது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நல்ல கருவியை வாங்கி, வயர் இழுத்து மாட்டினால் யார் மாட்டினாலும் வேகம் கூடத்தான் செய்யும். 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும் சுவரில் துளையிட்டு, ஆட்கள் உட்காரும் இடத்திற்கு நேர் மேலே ஒரு கருவியைத் தொங்கவிட்டு, அதை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடவிடும் வேலை இது என்பதால், இந்தச் சேவையை முதலில் மின்சாரப் பாதுகாப்பைக் கொண்டும், அடுத்து வயரின் தரத்தைக் கொண்டும், அதற்குப் பிறகே வேகத்தைக் கொண்டும் மதிப்பிடுவது முறை என்று கருதுகிறேன். அந்த வரிசையில் பார்த்தால் முதல் தேர்வில் இந்தக் கடை நன்றாகவே தேறியது. இரண்டாவதில் நாங்கள் கேட்ட பிறகுதான் தேறியது.

எங்கள் வீடு தெருவிலிருந்து பின்புறச் சந்து வரை நீண்டு கிடக்கும் பழைய அமைப்பு. தெருப்பக்க முன்கட்டான தார்சா, கூடமான பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரை அடிக் கனச் சுவர் நிற்கிறது. ஃபைபர் இணைப்பு தெருப்பக்கமாக வந்து தார்சாவில் உள்ள மோடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து புறப்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் ஒரு சுவர் தாங்கும். அடுக்களைக்கு வந்தால் இரண்டும் பெயருக்குத்தான். சுவரிலுள்ள பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை இதற்கு மருந்தாகச் சொல்வார்கள். அதில் மலிவான வகைகள் ஒரே ரேடியோவைக் கொண்டு மோடத்திடம் வாங்கவும் வேண்டும், நம் கைபேசிக்குக் கொடுக்கவும் வேண்டும் என்பதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துதான் வந்து சேரும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வயர் மூலம் இணைத்த அக்சஸ் பாயிண்ட்டே தீர்வு என்று கடைக்காரரும் சொன்னார். அதில் எங்களுக்கும் மறுப்பில்லை.

வேலைக்கு ஒரு டெக்னீஷியனும் உதவிக்கு ஒரு பையனும் வந்தார்கள். வந்தவுடன் டெக்னீஷியன் கைபேசியை எடுத்து சிக்னல் பார்ப்பார் என்று எண்ணியிருந்தேன், அவரோ, “அண்ணாச்சி, மெயின் போர்டு எங்க இருக்கு?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே கடைக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கருவிப் பையைத் திறந்தார். மின்சாரம் வயரை விட்டு வெளியேறி, ஒரு மனிதரின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குப் போனால், வீடுகளுக்கான ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். எம்சிபி அப்படி அன்று. வயர் சூடேறும் அளவுக்கு மின்னோட்டம் மிகுந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் அது விழும். சுவரில் டிரில் இறக்குபவருக்கு இந்த வேறுபாடு உயிர் வேறுபாடு.

பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் நடுவிலுள்ள சுவரில் வயர் போகத் துளையிட வேண்டியிருந்தது. பழைய வயரிங் மரப்பட்டி மேல் கண்ணுக்குத் தெரியும்படி ஓடினாலும், பிற்காலத்தில் சுவரைக் கொத்தி உள்ளே புதைத்த பைப்புகளும் எங்கள் வீட்டில் உண்டு. “சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வைக்கவே கூடாது அண்ணாச்சி. வயர் நேராத்தான் ஏறும், நேராத்தான் எறங்கும்” என்று சொல்லி, போர்டிலிருந்து நன்றாக விலகிய இடத்தைத் தேர்ந்தார். பிறகு அந்தப் பகுதிக்குரிய எம்சிபியை இறக்கினார். அடுத்து அவர் செய்ததை வீட்டு எலக்ட்ரீஷியன்கள் பலர் செய்து நான் பார்த்ததில்லை: மின்சாரம் இருக்கும் வேறொரு பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார், பிறகு இறக்கிவிட்ட பகுதியின் பிளக்கில் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்தார், மறுபடியும் முதல் பிளக்கிற்கே போய், மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று சரிபார்த்தார். மின்சாரம் இல்லை என்று காட்டும் மீட்டர், பேட்டரி தீர்ந்ததால்கூட அப்படிக் காட்டலாம் அல்லவா? ஒளிரும் டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைக்கும் வழக்கம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கும்போது, இந்தப் பழக்கம் பாராட்டத்தக்கது. டிரில்லருக்கான மின்சாரத்தை ஆர்சிசிபியின் பாதுகாப்பிலுள்ள வேறு பகுதியிலிருந்து எக்ஸ்டென்ஷன் மூலம் எடுத்துக்கொண்டார்.

காரைச் சுவரில் துளையிடும்போது விளிம்பு உதிர்ந்துகொண்டே வரும். துளை முடிந்ததும் அதில் ஒரு பிவிசி பைப்பைச் செருகி, அதற்குள் வயரை விட்டு, இரு வாயையும் சுவர்ப் பட்டிப் பசையால் அடைத்தார்கள். காரை உதிர்ந்து வயரின் மேல் அழுந்தாது என்பது ஒன்று; எறும்பும் பல்லியும் ஒரு கட்டிலிருந்து மறு கட்டுக்கு அதைப் பாதையாக்கிக்கொள்ளாது என்பது மற்றொன்று. குறையும் இங்கேதான். டெக்னீஷியன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கீழே நின்று தூசியைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு அது இல்லை. சுண்ணாம்புத் தூசி கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கொண்டு வந்த ஏணியும் அலுமினிய ஏணி. மின்சாரம் அருகிலிருக்கும் வேலைக்கு அலுமினியம் ஏற்றதன்று என்பதால், வீட்டில் இருந்த மர ஏணியைக் கொடுத்தோம். ஒரு கண்ணாடியும் ஃபைபர்கிளாஸ் ஏணியும் கடைக்குப் பெரிய செலவில்லை.

கருவியைப் பட்டாசலின் மேற்கூரையில், அறையின் நடுவை ஒட்டி மாட்டுவது என்று முடிவாயிற்று. வட்டத் தட்டு வடிவிலுள்ள இந்த வகைக் கருவிகள், கூரையில் கவிழ்ந்திருக்கும்போது அலையைக் கீழேயும் நாற்புறமும் பரப்பும்படி வடிவமைக்கப்பட்டவை. அழகுக்காகவோ எளிமைக்காகவோ சுவரில் செங்குத்தாக மாட்டினால் அலையில் ஒரு பங்கு மேல்தளத்துக்கும் தரைக்கும் வீணாகப் போய்விடும். எங்கள் பட்டாசலின் கூரை தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கட்டைக்குத்துத் தளம். அந்தச் செங்கல் இடுக்கில் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூவை முடுக்கினால், மாட்டும் அன்று பிடிக்கும். சில மாதங்களில் காரை பொடிந்து தளரும். அம்மாவின் கவலை வேறாக இருந்தது.

“உத்திரத்துல ஆணி கீணி அடிச்சிராதய்யா” என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

“உத்திரத்தத் தொடவே மாட்டேன் ஆச்சி. ரெண்டு குறுக்குக் கட்டைக்கு நடுவுல ஒரு பலகை வச்சு, அதுல மாட்டிருதேன்” என்றார் டெக்னீஷியன்.

சொன்னபடியே, நான்கு சிறு மர ஸ்க்ரூக்களில் ஒரு பலகையைக் கட்டைகளோடு இணைத்து, அதன் மேல் கருவியின் தாங்குதட்டைப் பொருத்தி, கருவியைத் திருகிப் பூட்டினார். பாரம் என்று பார்த்தால் கருவி மிக இலேசானதுதான்; ஆனாலும் மாட்டிய பின் கையால் கீழே இழுத்துப் பார்த்த பிறகே ஏணியிலிருந்து இறங்கினார். மின்விசிறிக்குச் சில அடி தள்ளி இடம் தேர்ந்ததும் சரியான முடிவு. விசிறியின் உலோக இறக்கை அலையைத் தடுக்கும் என்பதோடு, பின்னாளில் கருவியைத் தொட்டுப் பார்க்க ஏறுபவரின் கை ஓடும் விசிறிக்கு அருகில் போகாமலும் இருக்கும்.

கூரையில் மாட்டினாலும் அங்கே ஒரு பிளக் பாயிண்ட் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய பாதுகாப்பு. நெட்வொர்க் வயரின் வழியாகவே கருவிக்கு மின்சாரமும் போகிறது. இதைப் பிஓஇ என்கிறார்கள். தார்சாவில் மோடத்தின் அருகிலுள்ள இன்ஜெக்டர் என்னும் சிறு பெட்டி, 230 வோல்ட்டை ஏறத்தாழ 50 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி வயரில் ஏற்றுகிறது. ஆக, தார்சாவைத் தாண்டி வீட்டுக்குள் புதிதாக இழுத்த வயர் எதிலும் உயிரைப் பறிக்கும் அழுத்தம் இல்லை. இதற்கான தரங்களில் 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப், மின்சாரம் புறப்படும் முனையில் 15.4 வாட் வரை தரும். 2009இல் வந்த 802.3ஏடி 30 வாட் வரை தரும். வழியில் வயர் குடிப்பது போகக் கருவிக்குக் கிடைப்பது முறையே 12.95 வாட்டும் 25.5 வாட்டும். நாங்கள் வாங்கிய வைஃபை 6 கருவி ஏடி வகை மின்சாரம் கேட்பது என்பதால், அதற்கேற்ற இன்ஜெக்டரைக் கடையே தேர்ந்து கொண்டு வந்தது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தரத்துக்கு உட்பட்ட இன்ஜெக்டர், மறுமுனையில் மின்சாரம் கேட்கும் கருவி உண்மையிலேயே இருக்கிறதா என்று மிகச் சிறிய அழுத்தத்தில் தொட்டுப் பார்த்து, உரிய விடை கிடைத்த பிறகே முழு அழுத்தத்தை அனுப்பும். தவறிப்போய் அந்த முனையை மடிக்கணினியில் செருகிவிட்டாலும் தீங்கு வராது. பேசிவ் என்னும் மலிவு வகைக்கு இந்த விசாரணை எல்லாம் கிடையாது. செருகிய மறுநொடி மின்சாரத்தைத் தள்ளிவிடும். 24 வோல்ட் கருவியில் 48 வோல்ட் பேசிவ் பெட்டியைச் செருகினால் கருவி கருகுவதற்கும் வாய்ப்புண்டு. பெட்டியில் இரண்டு துளைகளும் ஒன்றுபோலவே இருக்கும்: ஒன்று மோடத்துக்கு, மற்றொன்று கூரைக்கு. டெக்னீஷியன் கூரைக்குப் போகும் வயரின் ஜாக்கில் சிவப்பு டேப்பைச் சுற்றி, பெட்டியின் அந்தத் துளைக்கு மேலும் ஒரு துண்டுச் சிவப்பு டேப்பை ஒட்டினார். வீட்டைக் கூட்டித் துடைக்கும்போது யாராவது இரண்டையும் உருவிவிட்டால், எதை எங்கே செருகுவது என்று கேட்க ஆள் தேட வேண்டியதில்லை.

இனி வயர். கடை கொடுத்த மதிப்பீட்டில் “கேட்6 வயர்” என்று மட்டும் இருந்தது. கேட்6 என்பது நெட்வொர்க் வயரின் ஒரு தர வகை. பெட்டியிலிருந்து வயரை உருவியபோது அது கைக்கு மிக இலேசாக இருந்ததால், உள்ளே இருப்பது முழுச் செம்புதானா என்று கேட்டேன். பையன் ஒரு முனையைச் சீவி, ஒரு கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டிக் காட்டினான். செம்பு நிறம் ஒரு பூச்சாக உரிந்து, அடியில் வெள்ளை தெரிந்தது. அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசிய வகை அது. கடை வழக்கில் சிசிஏ என்பார்கள். கேமரா வேலைகளில் இதுதான் பெரும்பாலும் ஓடுகிறது, விலை குறைவு. ஆனால் கேட்6 தரம் கேட்பது முழுச் செம்புக் கம்பி. சிசிஏ கம்பியின் மின்தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வெறும் தகவல் மட்டும் போகும் வயராக இருந்தால் குறைந்த தூரத்தில் தப்பித்துவிடலாம். மின்சாரமும் சேர்ந்து போகும்போது அந்தத் தடை முழுவதும் வெப்பமாகவும் அழுத்த இழப்பாகவும் மாறுகிறது. அலுமினியம் இரண்டு மூன்று முறை வளைத்தால் முறிந்துவிடும் என்பதும், ஜாக்கின் பல் அதில் பிடிக்கும் இடம் நாளடைவில் தளரும் என்பதும் சேர்ந்துகொள்கின்றன. பட்டாசலின் மரக் கட்டைகளை ஒட்டி ஓடப்போகும் வயருக்கு இது வேண்டாம் என்று சொன்னோம். கடைக்காரரிடம் போனில் பேசியதும், மறுப்புச் சொல்லாமல் முழுச் செம்பு வயரைக் கொடுத்தனுப்பினார். விலை வேறுபாட்டை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கேட்டவர்க்கு நல்ல வயர், கேளாதவர்க்குச் சிசிஏ என்பது கடையின் நேர்மைக்கு அழகன்று. மதிப்பீட்டிலேயே இரண்டையும் எழுதி, விலையையும் எழுதி, முடிவை வாடிக்கையாளரிடம் விட்டுவிடலாம்.

வயர் போட்ட முறையில் குறை சொல்ல இடமில்லை. மின்சார வயர் போகும் பட்டியோடு சேர்க்காமல், ஓரடி தள்ளித் தனிக் கேசிங்கில் கொண்டு போனார்கள். ஓரிடத்தில் மின்சார வயரைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தபோது நேர்க் குறுக்காகவே கடந்தார்கள். இணையாக ஓடும் தூரம் கூடக் கூடத்தான் இரைச்சல் ஏறும். மூலைகளில் வயரை மடக்கி ஒடிக்காமல் சிறு வளைவாகத் திருப்பினார்கள். வயரின் விட்டத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு ஆரம் என்பது கணக்கு. கேட்6 வயருக்கு அது இரண்டரை சென்டிமீட்டர் அளவில் வரும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் ஜாக் அடித்துப் பார்த்தபோது, இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றது. இணையம் ஓடத்தான் செய்தது. அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. 1000 மெகாபிட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும்; 100க்கு இரண்டு இணை போதும். டெக்னீஷியன் கேபிள் டெஸ்டரைச் செருகிப் பார்க்க, ஏழாவது விளக்கு எரியவில்லை. வெள்ளைப் பழுப்புக் கம்பி ஜாக்கின் அடிவரை போய் உட்காராமல் பாதியில் நின்றிருந்தது. அந்த ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு அடித்தார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்த பிறகே கேசிங்கின் மூடியைப் போட்டார்.

இடி மின்னல் நம் பகுதிக்குப் பொதுவான கவலை. சித்திரை வைகாசியின் கோடை மழையும், ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையும் மாலை நேரங்களில் இடியோடுதான் வரும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னல் வராது என்று பலர் நிம்மதியாக இருக்கிறோம். இழையைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கறுப்பு வயரில், அது தொய்யாமல் தாங்குவதற்கு ஓர் எஃகுக் கம்பியும் கூடவே ஓடுகிறது. முன்பு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் அந்த எஃகுக் கம்பியைத் தார்சா ஜன்னலின் இரும்புக் கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டு, மீதியை மோடம் வரை உள்ளேயே விட்டிருந்தார்கள். அக்சஸ் பாயிண்ட் வேலைக்கு வந்தவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் டெக்னீஷியன் அதைக் கவனித்து, எஃகுக் கம்பியை வெளிச்சுவரில் ஒரு கொக்கியில் தனியே கட்டி, அதற்கு அப்பால் வெட்டி, இழை மட்டும் உள்ளே வரும்படி செய்தார். கேட்காமல் செய்த இந்த வேலைக்குக் கூலியும் வாங்கவில்லை.

மோடமும் இன்ஜெக்டரும் சேர்த்து எர்த் உள்ள மூன்று பின் பிளக்கிலிருந்து திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி வழியே மின்சாரம் பெறுகின்றன. எர்த் இல்லாத பிளக்கில் இத்தகைய பெட்டி பாதி வேலைதான் செய்யும் என்பதால், எர்த் உண்மையில் இருக்கிறதா என்றும் மீட்டரில் பார்த்தார்கள். இருந்தாலும், அருகில் விழும் மின்னலுக்கு எந்தப் பெட்டியும் ஈடுகொடுக்காது. இடி தொடங்கும் முன்பே பிளக்கை உருவிவிடுவதுதான் நல்லது. இடி முழங்கும்போது அதைத் தொடப் போவது பாதுகாப்பன்று. பின்கட்டைத் தாண்டித் தனியாக நிற்கும் கட்டடத்துக்கும் இணைப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள், செம்பு வயரை வெட்டவெளியில் இழுக்காமல் ஃபைபரையே கேட்டு வாங்கட்டும்.

மோடத்தை இவர்கள் கதவு நிலைக்கு மேலுள்ள உயரத்துக்கு ஏற்றி மாட்டினார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகிக் கொக்கிரகுளத்திலும் ஜங்ஷன் பகுதியிலும் வெள்ளம் புகுந்த பிறகு, தரைத்தள வீடு என்றால் மேசை உயரத்தில் எதையும் மாட்டுவதில்லை என்று டெக்னீஷியன் சொன்னார். எங்கள் தெருவுக்கு ஆறு வருமா என்பது வேறு விஷயம். தரையைக் கழுவிவிடும் தண்ணீரிலிருந்தாவது அது தப்பும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் மாட்டும் கருவிகள் பலவற்றின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்றுதான் இருக்கும். நெல்லையில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெளி வெப்பமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஓட்டுக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் அதைவிடக் கூடும். கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று பரணிலோ மூடிய பெட்டியிலோ வைக்கச் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. அடுக்களையின் ஆவியும் தாளிப்புப் புகையும் அதற்கு ஆகா; சாரல் அடிக்கும் திறந்த திண்ணையும் ஆகாது. கதிர்வீச்சு பற்றி அம்மா கேட்டார். கையேடுகள் பொதுவாகச் சொல்வது, கருவிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 20 சென்டிமீட்டர் இருக்கட்டும் என்பதே. கூரையில் இருக்கும் கருவிக்கும் நமக்கும் இடையே அதைப்போல் பல மடங்கு தூரம் தானாகவே அமைந்துவிடுகிறது. கட்டிலின் தலைமாட்டில் மோடத்தை வைத்துக்கொண்டு உறங்குபவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

செட்டிங் வேலையைக் கடை அவசரமாகத்தான் செய்தது. கருவியை ரூட்டராக இயக்காமல் அக்சஸ் பாயிண்டாகவே வைத்து, ஐபி முகவரி கொடுக்கும் பொறுப்பை மோடத்திடம் விட்டது சரி. நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்ததும் சரி. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு திறந்துவிட்ட அலைவரிசைகள் அப்போதுதான் முறையாகக் கிடைக்கும். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை, அதாவது அந்த அலைவரிசையின் உட்பிரிவை, தானியங்கியில் விட்டிருந்தார்கள். ஒட்டிய சுவர்களோடு வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில், ஒன்றன் மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய மூன்றில் எது கொஞ்சம் காலியாக இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது. நானே 11க்கு மாற்றினேன். ஆற்றல் அளவையும் உச்சத்தில் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பேசுபவருக்கு நாம் தெருக்கோடியிலிருந்து வாயால் சொல்லும் மறுமொழி கேட்காது. கருவியின் அலை தூரத்துக்குப் போனாலும், கைபேசியின் சிறிய அலை அதனிடம் திரும்பி வர வேண்டும். நடுத்தர அளவுக்குக் குறைத்தபின், தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் இடையே நடக்கும்போது கைபேசி மோடத்திலிருந்து அக்சஸ் பாயிண்டுக்கு மாறுவதும் சீராயிற்று. இப்போது இரண்டாங்கட்டில் நாங்கள் பணம் கட்டும் வேகம் ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கிறது. அடுக்களையில் அதைவிடக் குறைவு என்றாலும் வீடியோ அழைப்புக்குத் தாராளம்.

கடைக்கு நான் மதிப்பெண் குறைப்பது கடவுச்சொல் விஷயத்தில். வைஃபைக்குக் கடையின் பெயரையும் சில எண்களையும் சேர்த்து ஒரு கடவுச்சொல்லை வைத்திருந்தார்கள். கருவியின் உள்ளே நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லும் அதே பாணி. ஒரு வீட்டில் இதைப் பார்த்தவர் அடுத்த வீட்டின் கடவுச்சொல்லை எளிதில் ஊகித்துவிடுவார். சுவரில் மின்சாரம் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தவர்கள் இதில் இப்படி அசட்டையாக இருப்பது வியப்பாகத்தான் இருந்தது. வேலை முடிந்து அவர்கள் கிளம்பியதும் இரண்டையும் மாற்றி, டபிள்யூபிஏ3 என்னும் புதிய வைஃபை பாதுகாப்பு முறையை அறியாத பழைய டிவி ஒன்று இருப்பதால் அதைப் பழைய டபிள்யூபிஏ2 உடன் கலந்த நிலையில் வைத்து, கடவுச்சொல் இல்லாமலே இணைக்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, கருவியின் மென்பொருளையும் புதுப்பித்தேன். இவற்றைச் செய்யத் தெரியாத வீடுகளில், வாடிக்கையாளரை உட்காரவைத்து அவர் கையாலேயே கடவுச்சொல்லை மாற்றச் செய்துவிட்டுப் போவது கடையின் கடமை.

கட்டணம் ஊர் நிலவரத்துக்கு நடுத்தரம். கருவிக்கும் வயருக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு முறையான பில் கொடுத்தார்கள். கருவியின் வரிசை எண்ணையும் அதில் எழுதியிருந்தார்கள், உத்தரவாதம் கேட்கும்போது அது வேண்டும். கூலியைத் தனியே கணக்கிட்டதும் வெளிப்படையாக இருந்தது. பொருத்திய வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டபோது கடைக்காரர் வாயால்தான் உறுதி சொன்னார். எழுதித் தரச் சொன்னதும், பலகை தளர்ந்தாலோ ஜாக் பழுதானாலோ 6 மாதம் வரை கூலியின்றி வந்து சரிசெய்து தருவதாகப் பில்லின் பின்புறத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். டவுனில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கேட்டால் இந்தக் கடையின் முகவரியைத் தயங்காமல் கொடுக்கிறேன். கூடவே, மதிப்பீட்டில் “முழுச் செம்பு” என்ற இரண்டு சொற்களை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள் என்றும் சொல்கிறேன்.